மணப்பெண்ணின் கையில் சிவப்பு நாடா

புதிதாக ஒரு பொறுப்பு கைக்கு வந்தவர்கள் முதலில் செய்கிற காரியம், அதுவரை ஒருவாறு நடந்துகொண்டிருந்த ஒன்றைத் திருத்தியமைப்பதுதான். புது மருமகள் சமையலறை அலமாரியை இடம் மாற்றி வைக்கிறாள். புதுத் தலைமையாசிரியர் மணி அடிக்கும் நேரத்தை மாற்றுகிறார். நான், அடிபட்டு வருகிறவர்களின் வரிசையை மாற்றினேன். முன்னிருவரும் செய்கிற தவற்றால் பெரிய சேதம் ஒன்றுமில்லை; சீரகத்துக்குப் பதில் சோம்பு விழும், அவ்வளவுதான். என்னுடையது அவ்வளவோடு நின்றிருக்குமானால் நான் இதை எழுத வேண்டியிருந்திராது.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. ஸ்ரீரங்கத்தில் இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் நான் தலைமைச் செவிலியாக உயர்த்தப்பட்டிருந்தேன். சென்னைக்குப் போய்ச் சில வாரப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்த நேரம். தலையில் தொப்பி புதிது, தொப்பிக்குள் இருந்தவை அதைவிடப் புதியவை. ஒரே வேளையில் பலர் அடிபட்டு வரும்போது யாரை முதலில் கவனிப்பது என்பதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். எங்கள் மருத்துவமனையிலோ அதற்கு முன்பே ஒரு முறை வழக்கில் இருந்தது: யாருடைய உறவினர் உரக்கக் கத்துகிறாரோ அவருக்கே முதல் கவனிப்பு. இந்த அநாகரிகத்தை ஒழிப்பதே என் பிறவிப் பயன் என்று நான் தீர்மானித்தேன்.

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் பயன்படும் என்று ஒரு திட்டம் வகுத்தேன். நோயாளியின் மணிக்கட்டில் ஒரு துணி நாடா கட்டப்படும். சிவப்பு என்றால் மருத்துவர் உடனே பார்க்க வேண்டியவர். மஞ்சள் என்றால் சற்றுப் பொறுக்கக்கூடியவர். வெள்ளை என்றால் மருந்து போட்டு வீட்டுக்கு அனுப்பத்தக்கவர். சிவப்புக்குப் பழைய திரைச்சீலை ஒன்று கிடைத்தது. வெள்ளைக்குக் கட்டுத்துணி இருந்தது. மஞ்சளுக்குத்தான் துணியில்லை, ஆகவே கட்டுத்துணியையே சமையற்கட்டு மஞ்சள் தூளில் நனைத்து உலர்த்தினேன். (வாசம் பிரமாதம்! ஆஸ்பத்திரி முழுக்க நலங்கு வச்ச வீடு மாதிரி இருந்துது.) மூன்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தபோது, வெள்ளம் வரவில்லையே என்று எனக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்தது.

நிறங்களின் பொருளை டாக்டர் வரதனுக்கும், வாசலில் நிற்கவிருந்த இளைய செவிலி ஸ்டெல்லாவுக்கும் மட்டும் சொன்னேன். நோயாளிகளுக்குத் தெரிந்தால் அஞ்சுவார்கள் என்பது என் கருத்து. நாடா கட்டும் வேலையை ஆயா செல்லம்மாவிடம் ஒப்படைத்தேன்.

"நான் எந்த நிறத்தைக் காட்டுறேனோ அதைக் கட்டு. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது."

"நான் எதுக்குங்க சிஸ்டரம்மா கேக்கப் போறேன்? கட்டுன்னா கட்டுறேன், அவுத்துடுன்னா அவுக்குறேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வேலையைப் பிறரிடம் பகிர்ந்து கொடுப்பதென்றால் கையை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு காரணத்தைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொள்வது என்றுதான் அன்று நான் எண்ணியிருந்தேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை. எனக்கும் மேலதிகாரியான மேட்ரன் அம்மாள் விடுப்பில் சென்னை போயிருந்தார். பொறுப்பு என் வசம். லால்குடிப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துச் சத்திரம் ஒன்றுக்குப் பெண் வீட்டாரை ஏற்றி வந்த கல்யாண பஸ், கொள்ளிடப் பாலத்துக்குச் சற்று முன்பாக, குறுக்கே வந்த மாட்டு வண்டிக்கு விலகப் போய் வயலுக்குள் சாய்ந்துவிட்டது. வெள்ளத்துக்காகக் காத்திருந்த எனக்கு வந்து சேர்ந்தது ஒரு கல்யாணம்.

நெல் ஏற்றும் லாரி ஒன்றில் அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் கண்ணில் பட்டது இரத்தமன்று, பட்டுப் புடவைகள். சேறு படிந்த பட்டு, அறுந்த மல்லிகைச் சரம், நசுங்கிய குத்துவிளக்கு, அழுகை, அதட்டல். யார் அடிபட்டவர், யார் அழுகிறவர் என்று பிரித்தறிய முடியவில்லை. ஓட்டுநருக்குக் கால் முறிந்திருந்தது. முதியவர் ஒருவருக்கு மண்டையில் அடி. அவ்விருவரையும் எங்களிடம் இருந்த ஒரே வண்டியில் ஏற்றித் திருச்சிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார் டாக்டர் வரதன். எஞ்சியவர்கள் என் கையில்.

உண்மையைச் சொல்வதானால், அடுத்து நான் செய்தது நன்றாகவே இருந்தது. ஒவ்வொருவராகப் பார்த்து, நாடியைத் தொட்டு, விரலால் பெட்டியைச் சுட்டினேன், செல்லம்மா கட்டினாள். மணப்பெண் வசந்தாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே: வெள்ளை. அவளுடைய அத்தை தனபாக்கியத்துக்கு நெற்றியில் சிறு வெட்டு: மஞ்சள். பிறகு, சுவரோரமாகத் தனியே உட்கார்ந்திருந்த ஒருவரிடம் வந்தேன். மணப்பெண்ணின் தந்தை, கோவிந்தசாமி. மேலே ஒரு காயமும் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. மத்தவங்களைப் பாருங்க."

"எங்கயாவது அடி பட்டுச்சா?"

"சீர்ப் பாத்திரம் எல்லாம் பஸ்ஸுக்குள்ளதான் இருந்துச்சு. ஒரு பித்தளை அண்டா வந்து விலாவுல இடிச்சுது. அங்ககூட அவ்வளவு இல்ல. இந்த இடது தோள்தான் வலிக்குது."

தோளில் அடி படவில்லை. ஆனால் தோள் வலிக்கிறது. நெற்றி வியர்த்திருந்தது, கை குளிர்ந்திருந்தது, நாடி விரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்க விலாவுக்கு உள்ளே மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் வலி தோளில் தோன்றும் என்று சென்னையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சிவப்பைச் சுட்டினேன். செல்லம்மா கட்டினாள். உள்ளே ஒரு பெண்மணிக்குக் கைமுறிவைச் சரி செய்துகொண்டிருந்த டாக்டரிடம் ஓடினேன்.

"ஒரு சிவப்பு இருக்கு டாக்டர். மண்ணீரல்னு சந்தேகம்."

"இந்தக் கையை முடிச்சுட்டு உடனே பாக்குறேன். நீங்க இதைப் பிடிச்சுக்குங்க. வெளியில சிவப்பு கட்டினவரை உள்ள அனுப்பச் சொல்லுங்க."

அங்கிருந்தபடியே செல்லம்மாவுக்குக் குரல் கொடுத்தேன்: "சிவப்பு கட்டினவங்களை உள்ள அனுப்பு!" முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களில் என் மனம் எப்படி நிறைந்திருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. கூச்சல் போட்டவருக்கல்ல, தேவைப்பட்டவருக்கு முதலிடம்! மேட்ரன் இதைப் பார்க்க இங்கே இல்லையே! (இல்லாதது நல்லதாப் போச்சு.)

கட்டு முடிந்தது. கதவு திறந்தது. சிவப்பு நாடாவோடு உள்ளே வந்து நின்றவள் மணப்பெண் வசந்தா.

டாக்டர் வரதன் அவள் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், இந்தப் பொண்ணுக்கு முழங்கையில தோல் உரிஞ்சிருக்கு."

"இவ இல்ல டாக்டர்! இவளுக்கு வெள்ளை! ஏம்மா, உனக்கு இதை யார் கட்டினது?"

"அப்பாதான்." அவள் நாடாவைத் திருப்பிப் பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு கையில வெள்ளைத் துணியான்னு அத்தை அழுதாங்க. உடனே அப்பா அவரு கையில இருந்த சிவப்பை அவுத்து எனக்குக் கட்டிவிட்டாரு. வெள்ளையை அவரு கட்டிக்கிட்டாரு. ஆம்பளைக்கு வேட்டியே வெள்ளைதானே, இப்ப என்னன்னு சொன்னாரு."

நான் தாழ்வாரத்துக்குப் பாய்ந்தேன். அங்கே கண்ட காட்சியை என் பகைவரும் காண வேண்டாம். பெண்கள் எல்லார் கையிலும் சிவப்பு, இல்லையேல் மஞ்சள். ஒரு சுமங்கலி கையிலும் வெள்ளை இல்லை. ஆண்கள் எல்லார் கையிலும் வெள்ளை. தனபாக்கியத்தம்மாள் தன் மஞ்சள் நாடாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். என் சமையற்கட்டு மஞ்சள் அவருக்கு வேண்டுதல் காப்பாகியிருந்தது. நடுவில் செல்லம்மா, கடைசி முடிச்சை மலர்ந்த முகத்தோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"செல்லம்மா! யாரைக் கேட்டு மாத்தின?"

"தாலி கட்டிக்கப் போற பொண்ணுக்கு வெள்ளை கட்டுனா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க சிஸ்டரம்மா? நீங்க அவசரத்துல கை காட்டிட்டீங்கன்னு நானே சரி பண்ணிட்டேன். எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி."

தனபாக்கியத்தம்மாள் என்மேல் பாய்ந்தார். "ஏம்மா நர்ஸம்மா, உங்க வேதத்துல பொண்ணுக்கு வெள்ளைதான் கட்டுவாங்க, தெரியும். அதுக்காக எங்க பொண்ணுக்குமா? விடிஞ்சு எழுந்தா நல்ல வார்த்தை பேசுற வீட்டுல!"

அந்த அம்மாள் சொன்னதில் என்னைக் குத்திய இடம் ஒன்று இருந்தது. பாலக்கரைக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த எனக்கு வெள்ளை என்றால் ஞானஸ்நானம், திருமண உடை, என் சீருடை. வெள்ளையைவிட நல்ல செய்தி உண்டோ? ஊர் முழுதும் அதற்கு வேறு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாததன்று. திட்டம் வகுக்கும் உற்சாகத்தில், திட்டத்துக்குள் மனிதர்களும் வருவார்கள் என்பதுதான் மறந்துபோயிற்று.

"கோவிந்தசாமி எங்கே?"

வாசலிலிருந்து ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணோட அப்பாவா அக்கா? அவரு போயிட்டாரே. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, முன்னாடி போயி மத்த வேலையைப் பாக்குறேன்னாரு. கையில வெள்ளை இருந்துச்சு. வெள்ளையை விடச் சொல்லி நீங்கதானே..."

ஆம். நானேதான். உயிர் கசிந்துகொண்டிருந்த ஒரே மனிதரை, என் கட்டளைப்படியே, என் செவிலி வணக்கம் சொல்லி வழியனுப்பி வைத்திருக்கிறாள்.

டாக்டர் வரதன் உரத்துப் பேசாதவர். அன்றும் பேசவில்லை. "இவங்களை விட்டுட்டு நான் நகர முடியாது. நீங்க போங்க. எங்க கிடைச்சாலும் இங்க கொண்டுவராதீங்க. நேரா திருச்சி பெரிய ஆஸ்பத்திரி. நான் போன் பண்ணிடுறேன். நடக்க விடாதீங்க" என்றார்.

வாசலுக்கு ஓடினேன். பின்னால் வளையல் சத்தம். திரும்பிப் பார்த்தால், மணப்பெண்.

"நீ எங்கம்மா வர்ற?"

"என் அப்பாங்க. சத்திரமும் உங்களுக்குத் தெரியாது."

விவாதிக்க நேரமில்லை. ஒரு குதிரை வண்டியில் ஏறினோம். தெற்குச் சித்திரை வீதியில், தொப்பி சரிந்த ஒரு செவிலியும் பட்டுப் புடவையில் சேறு காய்ந்த ஒரு மணப்பெண்ணும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று வண்டிக்காரரை விரட்டிக்கொண்டு போனால் ஊர் என்ன நினைக்கும்? நினைத்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "பொண்ணு ஓடிப் போவுது போலிருக்கே!" என்று ஒரு குரல் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. வண்டிக்காரரும் திரும்பி, "ஏம்மா, நீங்க பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போறீங்களா, தூக்கிக்கிட்டுப் போறீங்களா? எனக்கு அப்புறம் வம்பு வரக் கூடாது பாருங்க" என்றார். என் மனமோ ஒரு நாடியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. இந்நேரம் அது எவ்வளவு மெலிந்திருக்கும்? எங்கேனும் படியேறியிருப்பாரா? பந்தற்கால் பக்கம் தனியே சரிந்து கிடப்பாரா?

சத்திரத்தில் எங்களை வரவேற்றது பெரும் மகிழ்ச்சி. விபத்துச் செய்தி கேட்டுக் கலங்கிப்போயிருந்த மாப்பிள்ளை வீட்டார், மணப்பெண் முழுசாக வந்து இறங்கியதைக் கண்டதும் ஆரவாரம் செய்தார்கள். "பொண்ணு வந்தாச்சு, வாசிங்கய்யா!" என்று யாரோ கத்த, நாகசுரமும் தவிலும் காதைப் பிளந்தன. நான் "கோவிந்தசாமி எங்கே?" என்று கேட்டேன். எனக்கே கேட்கவில்லை. ஒருவர் என் கையில் சந்தனம் பூசினார். இன்னொருவர் கற்கண்டுத் தட்டை நீட்டினார். வசந்தாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்தார்கள். அவள் தலைகளுக்கு மேலாகக் கையை நீட்டி மணவறைப் பக்கம் காட்டினாள்.

அங்கே இருந்தார். மணவறைக்கு அருகில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, கையில் அந்த வெள்ளை நாடாவோடு, வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முகம் நாடாவின் நிறத்தில் இருந்தது. உதட்டில் மட்டுமே இருந்தது சிரிப்பு.

கூட்டத்தை முழங்கையால் விலக்கிச் சென்று மணிக்கட்டைப் பற்றினேன். நாடி நூலாக ஓடியது.

"உடனே வாங்க. திருச்சிக்குப் போகணும்!"

"என்னம்மா? கேக்கல!"

"ஆஸ்பத்திரிக்கு!"

"முகூர்த்தம் முடியட்டும்மா! தாரை வாத்துக் குடுத்துட்டு வந்துடுறேன்! ஒரே பொண்ணு!"

தவில் உச்சத்துக்குப் போனது. நானும் என் குரலின் உச்சிக்குப் போனேன். அந்த நொடியில், யாரோ கையசைத்திருக்க வேண்டும், மேளம் சட்டென்று நின்றது. நிறைந்த சபையில், மங்கலமான நிசப்தத்தில், என் குரல் மட்டும் தனியாக ஒலித்தது:

"உங்க வயித்துக்குள்ள ரத்தம் ஓடுது! இங்கயே நின்னா செத்துப் போயிடுவீங்க!"

அட்சதைத் தட்டு ஒன்று கீழே விழுந்தது. மாப்பிள்ளையின் தாயார் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, நல்ல நேரத்துல என்ன பேச்சுப் பேசுறா இந்தப் பொம்பளை! யாரு இவளை உள்ள விட்டது?" அதே வேளையில் பளிச்சென்று ஓர் ஒளி என் கண்ணைப் பறித்தது. பெண்ணின் தந்தையைப் படமெடுக்கக் காத்திருந்த புகைப்படக்காரர், கடமையை முடித்துவிட்டார்.

கோவிந்தசாமி என்னைப் பார்த்தார்; மகளைப் பார்த்தார்.

"வசந்தா, நீ சொல்லு. நான் இருந்து..."

"போங்கப்பா." அவள் அழவில்லை. "நீங்க இருந்தாத்தான் மறுவீட்டுக்கு வர எனக்கு ஒரு வீடுன்னு இருக்கும். சித்தப்பா தாரை வாக்கட்டும். போங்க."

தூணிலிருந்து கையை எடுத்தார். கையோடு காலும் விட்டுப்போயிற்று. மடங்கி விழுந்தவரை நானும் தவில்காரரும் தாங்கிக்கொண்டோம். கீழே விரித்திருந்த ஜமக்காளத்தையே தூக்குப் படுக்கையாக்கினோம். அதன்மேல் அமர்ந்திருந்த பெரியவர்களை எழுந்திருக்கச் சொல்லும் மரியாதைகூட எனக்கு அப்போது இல்லை. ஒருவர் உருண்டதாக நினைவு. வாசலில் வண்டி? எங்கள் மருத்துவமனை வண்டி திருச்சியிலிருந்து திரும்பியிருக்கவில்லை. குதிரை வண்டியில் போட்டுக் குலுக்க முடியாது. நின்றது ஒன்றே: வாழைக்குருத்தும் ரோஜாவும் கட்டிய மாப்பிள்ளை அழைப்புக் கார்.

"அது ஊர்வலத்துக்கு வந்த வண்டி!" என்றார் மாப்பிள்ளையின் தந்தை. "நல்ல காரியத்துக்கு அலங்காரம் பண்ணினதை இதுக்கு எடுக்குறதா?"

மணக்கோலத்தில் வெளியே வந்திருந்த மாப்பிள்ளை கார்க் கதவைத் திறந்தார். "இவரு எனக்கு மாமனார்ப்பா. பின்னால படுக்க வைங்க. பூ எல்லாம் இருக்கட்டும், எடுக்க நேரமில்ல."

அந்தப் பயணம் என் வாழ்வின் நீண்ட பயணம். பின்னிருக்கையில் அவர் தலை என் மடியில். விரல் அவர் நாடியில். காவிரிப் பாலத்தில் எதிரே வந்தவர்கள், பூ அலங்காரத்தைக் கண்டு மாப்பிள்ளையைப் பார்க்க ஆவலோடு குனிந்தார்கள், கண்டது என்னை. ஒரு கிழவி கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். பாலம் முடியும் முன்பு நாடி ஒருமுறை விரலுக்கு அகப்படாமல் போயிற்று. நான் அறிந்த செபங்களையெல்லாம் தொடங்கினேன், ஒன்றையும் முடிக்கவில்லை. மீண்டும் அகப்பட்டது. "தாலி கட்டியிருப்பாங்களாம்மா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார். "கட்டியாச்சு" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஆயத்தமாக இருந்தார். மண்ணீரல் கிழிந்துதான் இருந்தது. இன்னும் சிறிது தாமதித்திருந்தால் என்று அவர் தொடங்கிய வாக்கியத்தை முடிக்க வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். மாலையில் கோவிந்தசாமி கண் விழித்தபோது, மாலையும் கழுத்துமாக மகளும் மருமகனும் கட்டிலருகில் நின்றார்கள். நான் வெளியே போய் அழுதேன். (தொப்பியை எங்க தொலைச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல.)

மேட்ரன் அம்மாள் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். தகரப் பெட்டியைத் திறந்து மஞ்சள் நாடாவை மோந்து பார்த்தார்.

"சிவப்பு கட்டினது சரியான ஆளுக்குத்தானா?"

"ஆமாம் மேடம்."

"அது அந்த ஆளுக்குத் தெரியுமா?"

"...தெரியாது மேடம்."

"செல்லம்மாவுக்கு?"

"தெரியாது."

"அப்ப உனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன புண்ணியம்? நாடாவா போயி ஆப்பரேஷன் பண்ணுச்சு?" என்று பெட்டியை மூடினார்.

அதன்பின் நாடாவை விடுத்து, கையில் மையால் எண் எழுதிப் பார்த்தோம். எல்லாரும் ஒன்றாம் எண்ணையே கேட்டார்கள். இரண்டு எழுதப்பட்டவர்கள் சிபாரிசு பிடித்தார்கள். இறுதியில் வாயைத் திறந்து சொல்வதென்று முடிவாயிற்று: "ஐயா, உங்களுக்கு உள்ளே அடி, நீங்கள் எழுந்திருக்கவே கூடாது." "அம்மா, உங்களுக்குப் பயமில்லை. ஆனால் சற்று நேரமாகும்." செல்லம்மாவுக்கும் காரணத்தைச் சொன்னோம். அன்றுமுதல் அவள் காவல் நின்ற நோயாளியை டாக்டரே நகர்த்த முடியவில்லை.

கோவிந்தசாமியின் லால்குடி வீட்டுக் கூடத்தில் அந்தக் கல்யாணப் படம் இன்றும் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளை பெண் படம் சிறியது; அதற்கு மேலே பெரிதாக இருப்பது, வாயைப் பிளந்த ஒரு செவிலி, தூணைப் பிடித்து நிற்கும் ஒரு மனிதரின் கையை முறுக்குகிற படம். அந்த மனிதர் மகள் கல்யாணத்தில் எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான் என்பதால் கழற்ற மறுக்கிறார். "ஏன் தாத்தா, இந்தம்மா உங்களை அடிக்கிறாங்க?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, "அடிக்கல கண்ணு. கல்யாணச் சாப்பாடு போடுற நேரத்துல என்னைப் பந்திக்கு விடாம இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே அந்த வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் எனக்கு ஒரே வரவேற்புத்தான். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். "தாத்தா சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் நர்ஸம்மாவை உள்ள விடாதீங்கடி!" என்று வசந்தா உள்ளிருந்து கத்துவாள். வீடே சிரிக்கும். நானும் நகராமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே பந்தியில், இன்னும் ஒரு கரண்டி பாயசம் கேட்டு அவர் சண்டை போடுகிற குரல் வாசல் வரை வரும்.